நோக்கம் தெளிந்த வழி: தென்னாப்பிரிக்காவில் காந்தியின் தலைமையும் மூன்று பவுன் வரியும் (1893–1914)

ஆய்வுச் சுருக்கம்

தலைவர் ஒருவர் தம் நோக்கத்தை முதலில் கண்டடைகிறார்; பின்னர் மக்கள் அவரைத் தொடர்கின்றனர் என்னும் கருத்து வாழ்க்கை வரலாற்று நூல்களில் ஆழ வேரூன்றியுள்ளது. காந்தியைப் பொறுத்தவரை, 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் கழிந்த இரவு அத்தகைய கண்டடைதலாகச் சுட்டப்படுகின்றது. அவருடைய தென்னாப்பிரிக்க வாழ்வின் நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் வைத்து நோக்கும் இக்கட்டுரை, அந்நோக்கம் இருபது ஆண்டுகளில் பலமுறை மாற்றி வரையப்பட்டதையும், முன்னாள் ஒப்பந்தத் தொழிலாளர்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரி அதன் நடுவிடத்திற்கு வருவதற்கு 1913 வரை காலம் பிடித்ததையும், அம்மாற்றத்தில் தமிழர் பெற்ற பங்கையும் ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: காந்தி, தலைமை, நேட்டால், ஒப்பந்தத் தொழிலாளர், மூன்று பவுன் வரி, சத்தியாக்கிரகம், தென்னாப்பிரிக்கத் தமிழர்.

முன்னுரை

காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்வைப் பற்றி நாம் அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி அவரே எழுதியவற்றிலிருந்து பெறப்பட்டதாகும். ‘தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்’ என்னும் நூலை அவர் எரவாடா சிறையில் இருந்தபோது சொல்லி எழுதுவிக்கத் தொடங்கினார். ‘சத்திய சோதனை’ 1925 முதல் ‘நவஜீவன்’ இதழில் தொடராக வெளிவந்தது. இரண்டுமே நிகழ்ச்சிகள் நடந்து பத்து முதல் முப்பது ஆண்டுகள் கழித்து, காந்தி இந்தியாவின் ஒப்பற்ற தலைவராகிவிட்ட பின்னர் உருவானவை. பயணம் முடிந்தபின் வழியைத் திரும்பிப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு திருப்பமும் சேருமிடத்தை நோக்கியே அமைந்ததாகத் தோன்றுவது இயல்பு. அத்தோற்றத்தை வரலாறாகக் கொள்ளலாமா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவுக்கு ஆய்வுலகில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகள் உள்ளன. மொரீன் ஸ்வான் 1985இல் வெளியிட்ட நூலில், காந்தி நெடுங்காலம் இந்திய வணிகர்களின் நலன்களுக்கே சார்பாளராக இயங்கினார் என்றும், தொழிலாளர் பிரச்சினையைக் கடைசிக் கட்டத்திலேயே கையிலெடுத்தார் என்றும் வாதிட்டார். ராமச்சந்திர குஹா 2013இல் எழுதிய வரலாறு, காந்தியின் பார்வை படிப்படியாக விரிந்ததை வலியுறுத்துகின்றது. அஷ்வின் தேசாய், குலாம் வாஹித் ஆகியோரின் 2015ஆம் ஆண்டு நூல், அவர் ஆப்பிரிக்கரை ஒதுக்கிய முறையைக் கடுமையாக விமர்சிக்கின்றது. இவை காந்தியை மதிப்பிடுவதில் வேறுபட்டாலும், அவர் நோக்கம் முதல்நாளிலேயே முழுமையாக அமைந்திருக்கவில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன. எனில் அது எவ்வாறு, யாரால் தெளிவு பெற்றது? அத்தெளிவு வரும்வரை காத்திருந்தவர்கள் யார்?

ரயில் நிலையத்து இரவும் அடுத்த ஓராண்டும்

1893 மே மாதம் காந்தி டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது அவருக்கு வயது 23. தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்கு ஒன்றில் வழக்கறிஞர்களுக்கு உதவுவதற்காக, ஓராண்டுக்கு 105 பவுன் ஊதியம் என்னும் ஏற்பாட்டின்பேரில் அவர் வந்திருந்தார். ராஜ்கோட்டிலும் பம்பாயிலும் வழக்கறிஞர் தொழில் கைகூடாத நிலையில் கிடைத்த வேலை அது. வந்த சில நாட்களிலேயே பிரிட்டோரியாவுக்குப் புறப்பட்டவர், முதல் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரயிலிலிருந்து வெளியேற்றப்பட்டார். குளிர்மிக்க அவ்விரவில், உரிமைக்காகப் போராடுவதா, இந்தியாவுக்குத் திரும்புவதா, அவமதிப்பைப் பொருட்படுத்தாமல் வழக்கை முடித்துவிட்டுச் செல்வதா எனத் தாம் எண்ணியதாகவும், நிறவெறி என்னும் நோயை வேரறுக்க முயல்வதென முடிவுசெய்ததாகவும் தன்வரலாற்றில் எழுதுகிறார்.

அந்த அவமதிப்பு உண்மை. அது அவர் உள்ளத்தில் பதிந்ததும் உண்மை. ஆனால் அதைத் தொடர்ந்த ஓராண்டில் அவர் செய்தவை வேறு வகையானவை. மறுநாள் காலை ரயில்வே மேலாளருக்கும் தாதா அப்துல்லாவுக்கும் தந்தி அனுப்பினார், பயணத்தைத் தொடர்ந்தார். பிரிட்டோரியாவில் இந்தியர் கூட்டமொன்றைக் கூட்டி வணிகத்தில் வாய்மை, துப்புரவு, சாதிமத வேறுபாடு மறத்தல் ஆகியவற்றைப் பற்றிப் பேசினார். விரும்பியவர்க்கு ஆங்கிலம் கற்பித்தார். கிறித்தவ நண்பர்களுடன் சமய நூல்களைப் படித்து விவாதித்தார். எஞ்சிய நேரமெல்லாம் வழக்கின் கணக்கேடுகளில் கழிந்தது. இரு தரப்பினரையும் நடுவர் தீர்ப்புக்கு இசையச் செய்து, தோற்றவர் தவணை முறையில் பணம் செலுத்த வழிவகுத்ததை அவர் பெருமகிழ்ச்சியுடன் நினைவுகூர்கிறார். பிளவுண்டவர்களை இணைப்பதே வழக்கறிஞரின் பணி என்பது அவ்வாண்டில் அவர் அடைந்த தெளிவு. அது தொழில்சார்ந்த நோக்கம்; பொதுவாழ்வின் நோக்கம் இன்னும் அமையவில்லை.

இதற்கு வலுவான சான்று, 1894இல் வழக்கு முடிந்ததும் அவர் இந்தியாவுக்குத் திரும்ப ஆயத்தமானது. நோயை வேரறுப்பதே வாழ்வின் பணி என ஓராண்டுக்கு முன்னர் உறுதிபூண்டவர், நோய் அப்படியே இருக்கப் பெட்டியைக் கட்டியது எவ்வாறு? ரயில் நிலைய நிகழ்ச்சியை முழுமையான தொடக்கமாகக் கொள்வோர் இவ்வினாவை எதிர்கொள்வதில்லை.

சட்டமுன்வடிவு தந்த நோக்கம்

டர்பனில் நடந்த வழியனுப்பு விருந்தின்போது, நாளிதழ் ஒன்றின் மூலையில் இந்தியர் வாக்குரிமை பற்றிய சிறு செய்தி காந்தியின் கண்ணில் பட்டது. நேட்டால் சட்டமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இந்தியரிடமிருந்து பறிக்கும் சட்டமுன்வடிவு அது. விருந்துக்கு வந்திருந்த வணிகர்கள் அதுபற்றி அறிந்திருக்கவில்லை. ஒரு மாதம் தங்குமாறு அவர்கள் வேண்ட, அவர் இசைந்தார். ஒரு மாதம் என்னும் அளவு கருதத்தக்கது. அவ்வேளையில் அவர் ஏற்றது ஒரு சட்டமுன்வடிவை எதிர்க்கும் வேலையை மட்டுமே.

அவ்வேலையை அவர் செய்த விதமோ பிற்காலத் தலைவரை அடையாளம் காட்டுகின்றது. உடனடியாகத் தந்திகள், ஓரிரு நாட்களில் சட்டமன்றத்திற்கு விண்ணப்பம், இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 10,000 கையொப்பங்களுடன் குடியேற்ற நாட்டமைச்சர் ரிப்பன் பிரபுவுக்கு மற்றொரு விண்ணப்பம் எனப் பணி விரைந்தது. 1894 ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. பெருஞ்சொற்களால் ஆன கொள்கையைவிட, நாள் குறிக்கப்பட்ட ஒரு சட்டமுன்வடிவு மனிதரை ஓரிடத்தில் நிறுத்தக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எனினும் அந்நோக்கம் யாருடையது என்பதையும் கேட்கவேண்டும். 1895 இறுதியில் காந்தி வெளியிட்ட இந்தியர் வாக்குரிமை பற்றிய சிறுநூலின்படி, நேட்டாலில் ஐரோப்பிய வாக்காளர் 9,309 பேர். இந்திய வாக்காளர் 251 பேர். சொத்துத் தகுதி உடையோர்க்கே வாக்குரிமை இருந்தமையால் அவர்களுள் பெரும்பாலோர் வணிகர்கள். காங்கிரசின் உறுப்பினர் கட்டணம் மாதத்திற்கு 5 ஷில்லிங். கரும்புத் தோட்டத்தில் முதலாண்டு ஒப்பந்தத் தொழிலாளி பெற்ற மாதக்கூலி 10 ஷில்லிங். கூலியில் பாதியைக் கட்டணமாகக் கொடுத்து அவர் அவ்வமைப்பில் சேர்ந்திருக்க இயலாது. ஒப்பந்தத் தொழிலாளர் அப்போது காங்கிரசுக்கு வெளியிலேயே இருந்தனர் என்பதைக் காந்தியும் மறைக்கவில்லை.

வெளியில் இருந்த அவர்கள் சிறு தொகையினர் அல்லர். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் முதற்குழு டர்பனை அடைந்தது முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத்தின்பேரில் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமாவர்.

பாலசுந்தரம்

காந்தி வழக்கறிஞராகப் பதிவுசெய்து மூன்று நான்கு மாதங்களே ஆகியிருந்த நிலையில், கிழிந்த உடையும் உடைந்த முன்பற்களும் குருதி வழியும் வாயுமாகத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் அவர் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் பாலசுந்தரம். டர்பனில் அறியப்பட்ட ஐரோப்பியர் ஒருவரிடம் ஒப்பந்தத்தில் இருந்தவர். முதலாளி அடித்ததில் பற்கள் உடைந்திருந்தன. காந்தியின் எழுத்தராக இருந்த தமிழர் வாயிலாகவே இருவரும் பேசிக்கொள்ள முடிந்தது. மருத்துவச் சான்று பெற்று, நீதிபதியிடம் முறையிட்டு, முதலாளியைத் தண்டிப்பதைவிடத் தொழிலாளியை விடுவிப்பதே பயன்தரும் எனக் கருதி, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்ற ஏற்பாடு செய்தார் காந்தி.

தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாலசுந்தரம் உள்ளே வந்ததையும், அதை மீண்டும் கட்டிக்கொள்ளுமாறு தாம் கேட்டுக்கொண்டதையும் காந்தி தனித்துக் குறிப்பிடுகிறார். சில மாதங்களுக்கு முன்னர்த்தான், நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தபின் தலைமை நீதிபதியின் ஆணைக்கிணங்க அவரே தம் தலைப்பாகையை அகற்றியிருந்தார் என்பதை உடன்வைத்துப் படிக்கும்போது இக்குறிப்பின் கனம் கூடுகின்றது.

பாலசுந்தரத்தின் செய்தி தோட்டந்தோறும் பரவியது. கடல் கடந்து சென்னைக்கும் எட்டியது. 1896 அக்டோபர் 26இல் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி உரையாற்றியபோது மக்களிடம் கண்ட எழுச்சிக்கு அதுவே காரணம் என்று அவர் கருதினார். தென்னாப்பிரிக்க இந்தியர் குறைகளை விளக்கும் ‘பச்சைச் சிறுநூல்’ அங்கு 10,000 படிகள் மறுபதிப்பாயிற்று.

எனினும் ஒரு தொழிலாளிக்கு உதவியது வேறு. தொழிலாளர் அனைவரையும் அழுத்திய ஒரு சட்டத்தை நீக்குவதைத் தலைமையின் நோக்கமாக ஏற்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன.

மூன்று பவுன் வரி

ஒப்பந்தம் முடிந்த இந்தியர் நேட்டாலில் நிலைத்துவிடக்கூடாது என்பது வெள்ளையரின் விருப்பம். அவர்கள் இந்தியாவுக்குத் திரும்பவேண்டும். அன்றேல் மீண்டும் ஒப்பந்தத்தில் சேரவேண்டும். இரண்டும் இல்லையெனில் ஆண்டுதோறும் வரி செலுத்தவேண்டும். முதலில் எண்ணப்பட்ட தொகை 25 பவுன். இந்திய அரசப்பிரதிநிதி எல்ஜின் பிரபு அதனை 3 பவுனாகக் குறைத்து இசைவளித்தார். 1895இல் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் வந்தோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை முடித்து வெளிவரத் தொடங்கிய 1901 அளவில் வரித்தண்டல் தொடங்கியது. 1903இல் 16 வயது நிரம்பிய ஆண்மக்களுக்கும் 13 வயது நிரம்பிய பெண்மக்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

கணவன், மனைவி, வரி வயதை எட்டிய மக்கள் இருவர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 12 பவுன் செலுத்தவேண்டும். அத்தகைய குடும்பத் தலைவரின் வருவாய் மாதம் 14 ஷில்லிங்கைத் தாண்டியதில்லை என்கிறார் காந்தி. அதாவது ஆண்டு முழுவதற்கும் 8 பவுன் 8 ஷில்லிங். வருவாயைவிட வரி மிகுதி. செலுத்த இயலாதவர்க்கு எஞ்சிய வழி மறுஒப்பந்தம் அல்லது சிறை. வரியின் உண்மையான பயன் கருவூலத்தை நிரப்புவதன்று என்பதை இக்கணக்கே காட்டும்.

நேட்டால் காங்கிரஸ் இவ்வரியைத் தொடக்கத்திலேயே எதிர்த்தது, விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. காந்தி இதனை அறியாதிருந்தார் என்றோ பொருட்படுத்தவில்லை என்றோ கூறுவது பிழை. ஆயினும் விண்ணப்பத்தில் ஒரு பத்தியாக இடம்பெறுவதும் போராட்டத்தின் இலக்காக நிற்பதும் ஒன்றாகா. 1903இல் தொடங்கப்பெற்ற ‘இந்தியன் ஒப்பினியன்’ இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. 1906இல் இந்தி, தமிழ்ப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. பணமும் தகுந்த ஆசிரியரும் இன்மையே காரணம் என்பதை ஏற்கலாம். எனினும் வரி செலுத்திய மக்களுள் பெரும்பகுதியினரின் மொழி இதழிலிருந்து மறைந்த ஆண்டும், டிரான்ஸ்வாலில் காந்தியின் பெரும்போராட்டம் பிறந்த ஆண்டும் ஒன்றாயிருப்பது கருதத்தக்கது.

வரிக்கெதிரான குரல் அக்காலத்தில் வேறிடங்களில் ஒலித்தது. டர்பனில் ‘ஆப்பிரிக்கன் குரோனிக்கிள்’ என்னும் ஆங்கில-தமிழ் வார இதழை 1908இல் தொடங்கிய பி. எஸ். ஐயர் வரியை விடாது கண்டித்து எழுதினார். 1911இல் அதற்கெதிராக மக்களைத் திரட்டவும் முயன்றார். காந்தியின் வரலாற்றில் அவர் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே நின்றுவிடுகின்றது. தலைவரின் நோக்கமாகப் பின்னர் அறியப்படுவது முன்னரே பிறர் எழுப்பிய கோரிக்கையாக இருக்கக்கூடும் என்பதற்கு ஐயரின் இதழ் சான்று.

ஆணையிட்ட நாள்

இடைப்பட்ட காலத்தில் காந்தியின் களம் டிரான்ஸ்வாலுக்கு மாறியிருந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆசியரும் கைரேகையிட்டுப் பதிவுச்சீட்டுப் பெறவேண்டும் என்னும் அவசரச்சட்ட வரைவை எதிர்த்து, 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் இந்தியர் பெருங்கூட்டம் நடந்தது. சட்டத்திற்குப் பணியாமல் சிறைசெல்வது என்னும் தீர்மானத்தை வரைவதில் காந்திக்குப் பங்குண்டு. ஆனால் அதனைக் கடவுள் சாட்சியாக ஆணையிட்டு நிறைவேற்றவேண்டும் என்று முன்மொழிந்தவர் ஹாஜி ஹபீப் என்னும் மூத்த வணிகர். அதைக் கேட்டுத் தாம் திடுக்கிட்டதாகவும், அதன் பின்னரே ஆணையின் பொருளை எண்ணிப்பார்த்து அவையோர்க்கு விளக்கியதாகவும் காந்தி எழுதுகிறார்.

இதுவும் பின்னாளில் எழுதப்பட்ட குறிப்பே. ரயில் நிலைய இரவுக்கு விடுக்கும் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனால் தன்னை மையமாக்கும் நினைவைவிடப் பிறருக்கு முதன்மை தரும் நினைவை நம்புவதற்குக் கூடுதல் காரணம் உண்டு. சத்தியாக்கிரகத்தின் உயிர்நிலையான ஆணை, தலைவரின் முன்திட்டத்திலிருந்து வராமல் அவையிலிருந்து எழுந்தது. அதனை ஏற்று, அதன் முழு விலையையும் கூட்டத்தார்முன் எண்ணிச்சொல்லி, ஒருவர் மட்டுமே எஞ்சினாலும் ஆணை மாறாது என்றுணர்த்தியதில் தலைமை வெளிப்பட்டது. போராட்டத்தின் பெயரும் அவ்வாறே அமைந்தது. இதழ்வழி அறிவிக்கப்பட்ட போட்டியில் மகன்லால் காந்தி தந்த ‘சதாக்கிரகம்’ என்னும் சொல்லே திருத்தம்பெற்றுச் சத்தியாக்கிரகமாயிற்று.

1908 ஆகஸ்ட் 16இல் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் திடலில் 2,000க்கும் மேற்பட்ட பதிவுச்சீட்டுகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு வணிகர் பலர் சோர்ந்து விலகினர். சிறைவாசம், சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல் ஆகியவற்றைத் தாங்கி நின்றோரில் தமிழர் முன்னணியில் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தெருத்தெருவாகச் சரக்கு விற்றவர்கள், சிறு தொழில் செய்தவர்கள். மொரிஷியசில் பிறந்த தம்பி நாயுடு மீண்டும் மீண்டும் சிறைசென்றார். நாகப்பன் என்னும் இளைஞர் 1909 ஜூலையில், சிறையிலிருந்து வெளிவந்த சில நாட்களில் இறந்தார். நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய நாராயணசாமி, கரையிறங்க விடாமல் துறைமுகந்தோறும் அலைக்கழிக்கப்பட்டு 1910 அக்டோபரில் உயிர்துறந்தார். சென்னைக்கு அனுப்பப்பட்டவர்களை ஜி. ஏ. நடேசன் பேணினார். இவர்களுள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வரியின் சுமை அவர்களுக்குக் கேள்விச் செய்தியன்று. நேட்டால் தோட்டங்களுக்கும் காந்திக்கும் இடையே இருந்த தொலைவு அவர்கள் வழியாகவே குறைந்தது எனக் கருத இடமுண்டு.

1913

1912 இறுதியில் கோபால கிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். அமைச்சர்களைச் சந்தித்தபின், மூன்று பவுன் வரி நீக்கப்படும் என்னும் வாக்குறுதி கிடைத்ததாக அவர் நம்பினார். 1913இல் அரசு அதனை மறுத்தது. போராட்டத்தின் நடுவே இலக்குகளைப் பெருக்கக்கூடாது என்பது காந்தி வகுத்துக்கொண்ட நெறி. வரியை அதுவரை சேர்க்காமைக்கு அவர் காட்டும் காரணமும் அதுவே. வாக்குறுதி மீறப்பட்டதால் அந்நெறிக்கு ஊறின்றி வரியைச் சேர்க்க வழி பிறந்தது என்கிறார். வணிகர் ஆதரவு தேய்ந்த நிலையில் புதிய ஆதரவு தேவைப்பட்டது என்கிறார் ஸ்வான். இரண்டையும் ஒருசேர ஏற்பதில் முரண் இல்லை. தெளிவான நோக்கம் தூய சிந்தனையிலிருந்து மட்டுமே பிறக்கவேண்டும் என்பதில்லை. வேறு துணையற்ற நிலையும் அதைப் பிறப்பிக்கும். அவ்வாண்டு அக்டோபரில், அவர் தோற்றுவித்த நேட்டால் காங்கிரசே அவருடன் முரண்பட்டு நின்றதால், ஆதரவாளர்கள் நேட்டால் இந்தியர் சங்கம் என்னும் புதிய அமைப்பை உருவாக்க நேர்ந்தது.

கிறித்தவ முறையில் நடைபெறாத திருமணங்கள் செல்லா என்று 1913 மார்ச்சில் நீதிபதி சீர்ல் வழங்கிய தீர்ப்பு பெண்களைக் களத்திற்குக் கொண்டுவந்தது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்கள் பதினொருவர், பெரும்பாலும் தமிழர், டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றனர். மூன்று பவுன் வரி நீங்கும்வரை வேலைக்குச் செல்லவேண்டா என்று தொழிலாளரிடம் தமிழில் பேசினர். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. காந்தி எதிர்பார்த்ததைவிட விரைவாகவும் பெரிதாகவும் அது வளர்ந்தது. முதலாளிகளின் குடியிருப்புகளைவிட்டு மனைவி மக்களுடன் வெளியேறிய ஆயிரக்கணக்கானோரைக் கண்டபின்னரே, அவர்களை டிரான்ஸ்வாலுக்கு நடத்திச்செல்லும் எண்ணம் உருப்பெற்றது.

நவம்பர் 6ஆம் நாள் சார்லஸ்டவுனிலிருந்து புறப்பட்டோர் ஆண்கள் 2,037 பேர், பெண்கள் 127 பேர், குழந்தைகள் 57 பேர். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும் உணவு. நடைப்பயணத்தில் இரு தாய்மார் தம் குழந்தைகளை இழந்தனர். ஒரு குழந்தை குளிருக்கு இரையானது. மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவியது. அத்தாய்மார் நடையை நிறுத்தவில்லை.

இக்கட்டத்தில் நோக்கத்தின் துல்லியம் வியப்பளிக்கின்றது. சவுக்கடிபட்ட முதுகைக் காட்டித் தொழிலாளர் முறையிட்டனர். கூலி, குடியிருப்பு, வேலைநேரம் என ஒவ்வொன்றிலும் குறைகள் இருந்தன. சுரங்க முதலாளிகளைச் சந்தித்த காந்தி, போராட்டம் அவர்களுக்கெதிரானதன்று. வரி நீங்கினால் வேலைநிறுத்தம் முடியும் என்று கூறினார். அரசு நிறைவேற்றக்கூடிய ஒரு செயலாகக் கோரிக்கை குறுக்கப்பட்டது. அக்குறுக்கத்தால் வெற்றி கைக்கெட்டியது; அதே குறுக்கத்தால் தோட்டத்துச் சவுக்கு கோரிக்கைப் பட்டியலுக்கு வெளியே நின்றது.

நான்கு நாட்களில் மூன்றுமுறை கைதான காந்தி சிறையில் அடைக்கப்பட்டபின்னும் இயக்கம் நிற்கவில்லை. நேட்டாலின் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களில், அவர் நேரில் திட்டமிடாத இடங்களில், தொழிலாளர் தாமாகவே வேலையைவிட்டு வெளியேறினர். மவுண்ட் எட்ஜ்கோம், எஸ்பெரன்சா முதலிய இடங்களில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தலைவர் சொல்லாமலே மக்கள் அறிந்த கோரிக்கை அது. ஆண்டுதோறும் அதற்குப் பணம் செலுத்தி வந்தவர்கள் அவர்கள்.

நோக்கத்தின் எல்லை

அதே 1913ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆப்பிரிக்கர் நிலம் வாங்கும் உரிமையை நாட்டின் மிகச்சிறு பகுதிக்குள் அடக்கிய பூர்வகுடியினர் நிலச்சட்டம் நிறைவேறியது. அதனை எதிர்த்த அமைப்பின் தலைவர் ஜான் டூபே நடத்திய ஓலாங்கே கல்வி நிலையம், காந்தியின் பினிக்ஸ் குடியிருப்புக்கு மிக அருகில் இருந்தது. இந்தியர் போராட்டத்தின் கோரிக்கைகளில் நிலச்சட்டம் இடம்பெறவில்லை. ஆப்பிரிக்கரைத் தாழ்வாகக் கருதும் சொற்கள் காந்தியின் தொடக்ககால எழுத்துகளில், குறிப்பாக 1908ஆம் ஆண்டுச் சிறைக்குறிப்புகளில், உள்ளன. அவற்றைக் காலத்தின் வழக்கு எனக் கூறிக் கடந்துவிட இயலாது. ஒப்பந்தத் தொழிலாளரை உள்ளடக்க இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்ட நோக்கம், மண்ணின் மக்களை அங்கிருந்தவரை உள்ளடக்கவே இல்லை.

சென்னை, 1915

1914 பிப்ரவரி 22இல், சிறையில் பெற்ற காய்ச்சலால் தில்லையாடி வள்ளியம்மை தம் 16ஆம் வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் உயிர்நீத்தார். ஜூன் மாத இறுதியில் ஸ்மட்சுடன் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. செலுத்தப்படாமல் நின்ற பாக்கிகளும் கைவிடப்பட்டன. ஜூலை 18இல் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டு நீங்கினார்.

மறு ஆண்டு ஏப்ரல் 21இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் அவருக்கு வரவேற்பளிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க இந்தியருக்கு ஊக்கமளித்தவர் என்னும் பாராட்டை ஏற்க அவர் மறுத்தார். கைம்மாறு கருதாது உழைத்த அந்த எளிய மக்களே தமக்கு ஊக்கம் தந்தனர் என்று கூறி, நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை ஆகியோரின் பெயர்களை எடுத்துரைத்தார். வரவேற்புரைக்குரிய பணிவு என இதனைத் தள்ளிவிடுவது எளிது. சென்னை அவையில் தமிழரைப் புகழ்வது பொருத்தமான செயலும்கூட. ஆனால் நிகழ்ச்சிகள் முடிந்து ஓராண்டுக்குள் சொல்லப்பட்ட சான்று இது. ரயில் நிலைய இரவைத் திருப்புமுனையாக்கிய தன்வரலாற்றுத் தொடர் தொடங்க இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. பிற்கால வரலாற்று நூல்கள் இரண்டாவது சான்றையே பாடநூல்களுக்குத் தந்தன. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் அவ்விரவை நினைவூட்டும் பலகை உண்டு. முன்பற்கள் உடைந்து வந்த பாலசுந்தரம் அந்த ஒப்பந்தம் முடிந்தபின் என்ன ஆனார் என்பதைப் பற்றித் தன்வரலாற்றில் ஒரு வரியும் இல்லை.